ஒரு காதலுக்கு இரண்டு நியாயமா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவான், பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று பேசப் போவது காதலைப் பற்றி. பின்வரிசையில் வாலிபர்கள் சிரிக்கிறார்கள். முன்வரிசையில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். “சங்கக் கூட்டத்தில் இது ஒரு பேச்சா?” என்று உங்களுக்குத் தோன்றும். பத்து நாளைக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை இங்கே இதைப் பேச வைத்திருக்கிறது.

நடந்தது என்ன?

இந்த வட்டாரத்து மில் ஒன்றில் ரிங் பிரேமில் வேலை செய்கிற பெண் அவள். வயது இருபது. மில் விடுதியிலேயே தங்கியிருந்தாள். அதே மில்லில் பிட்டர் வேலை பார்க்கும் ஒரு வாலிபன், வயது இருபத்திரண்டு. இருவரும் செல்போனில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்று பேசிக்கொண்டார்கள். இவ்வளவுதான். விடுதி வார்டன் பார்த்துவிட்டு ஆபீசில் சொல்லிவிட்டார். மறுநாள் விசாரணை. அவனுக்கு என்ன தண்டனை? “ஒழுங்காக இரு” என்று ஒரு வார்த்தை. அன்று மத்தியானமே அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். அவளுக்கு? விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். விடுதி இல்லையென்றால் வேலையும் இல்லை. ஊரிலிருக்கும் தகப்பனாருக்குப் போன் போட்டு, “உங்கள் பெண்ணின் நடத்தை சரியில்லை” என்றும் சொன்னார்கள். தகப்பனார், “இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். இப்போது நம் காலனியில் சித்தி வீட்டுத் திண்ணையில் இருக்கிறாள்.

அந்தப் பெண் சங்க ஆபீசுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: “அண்ணா, பேசினது ரெண்டு பேருங்க. போனும் ரெண்டு பேருகிட்டயும் இருந்துச்சுங்க. அப்புறம் ஏனுங்க என்னை மட்டும் போகச் சொன்னாங்க?”

தோழர்களே, இருபது வருஷமாகச் சங்கத்தில் பேசி வருகிறேன். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அன்று மாலை டீக்கடையில் நம்முடைய தோழர்கள் நான்கு பேர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்க உறுப்பினர்கள், போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும், கிழியறது சேலைதானப்பா. பொண்ணுதான் சூதானமா இருந்திருக்கணும்.” நானும் அங்கேதான் இருந்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு ஆண் தொழிலாளிகளை இப்படிக் காரணமில்லாமல் வெளியே தள்ளியிருந்தால் அன்று மாலையே கேட் மீட்டிங் போட்டிருப்போம். இதற்கு ஏன் போடவில்லை? அந்தப் பழமொழி நம் வாயையும் கட்டிவிட்டது.

சேலையும் முள்ளும் யார் செய்தது?

இந்தப் பழமொழியைச் சற்று யோசித்துப் பாருங்கள். முள்ளுக்குக் கூர் இருப்பது இயற்கை. சேலை கிழிவதும் இயற்கை. ஆனால் ஆண் முள்ளும் அல்ல, பெண் சேலையும் அல்ல. இரண்டு பேரும் மனிதர்கள். ஒரே காரியத்தைச் செய்த இருவரில் ஒருவருக்கு வேலை நிலைக்கிறது, மற்றவருக்கு வேலை, வீடு, மானம் மூன்றும் போகிறது என்றால், அது இயற்கை வைத்த நியாயம் அல்ல. மனிதன் வைத்த நியாயம். மனிதன் வைத்ததை மனிதன் மாற்றலாம்.

ஒரு வாலிபன் இரண்டு பெண்களைக் காதலித்துப் பிரிந்தால், “வயசுக் கோளாறு” என்கிறோம். ஒரு பெண் ஒருவனைக் காதலித்துப் பிரிந்தாலும், “கெட்டுப் போனவள்” என்கிறோம். அவனுக்கு அது கடந்துபோன ஒரு கதை. அவளுக்கு அது கல்யாணச் சந்தையில் கழுத்தில் தொங்கும் பலகை. ஆகவே காதலிக்கத் தொடங்கும்போதே இருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அவன் கையில் இருப்பதில் ஒரு பங்கைப் பந்தயம் வைக்கிறான். அவள் தன்னிடம் இருக்கும் அத்தனையையும் வைக்கிறாள்.

வாலிபத் தோழர்கள் சிலர் என்னிடம் சொல்வார்கள்: “தோழர், இந்தக் காலத்துப் பொண்ணுங்க மனசைப் பார்க்கறதில்லை. சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு இருக்கா என்றுதான் கேட்கிறார்கள்.” இந்தக் குறை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் கேட்கிறாள்? களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டப் போகிற ஆணுக்கு ஒரு கூலி. சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. வயல்காட்டில் இன்னும் அது முழுசாக இறங்கி வரவில்லை. நிலம் இருந்தால் பட்டா பெரும்பாலும் அவன் பேரில். கல்யாணம் ஆனால் அவள்தான் ஊரை விட்டு வர வேண்டும். பிள்ளை பிறந்தால் அவள்தான் வேலையை விட வேண்டும். நாளைக்கு அவன் கைவிட்டால் நிற்க இடமில்லை. அப்படிப்பட்டவள் சம்பளத்தை விசாரிக்காமல் வேறு எதை விசாரிப்பாள்? அதைப் பேராசை என்பது தவறு, அது பயம்.

அந்தப் பயத்தை வைத்து வியாபாரமே நடந்த கதை நமக்குத் தெரியாததல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு வட்டாரத்து நூற்பாலைகளில் “சுமங்கலித் திட்டம்” என்று ஒன்றை நடத்தினார்கள். ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷத்துக்கு விடுதியில் வைத்து வேலை வாங்குவது. கூலியில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொல்வது. “கல்யாணச் செலவுக்கு ஆகும்” என்று பெற்றோரிடம் ஆசை காட்டுவது. நடுவில் நோய் வந்து நின்றுவிட்டவர்களுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்காமல் போனதும் உண்டு. வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-ல் சட்டம் வந்த நாட்டில், வரதட்சிணைக்காகவே பெண்களின் உழைப்பை அடகு பிடித்தார்கள்! வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு, எல்லாம் “பெண்ணின் பாதுகாப்புக்காக” என்றார்கள். உண்மையில் பாதுகாக்கப்பட்டது யாருடைய லாபம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2019-20-ம் ஆண்டு அரசாங்கக் கணக்குப்படி, இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆலைக்குள் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உழைக்கிறார்கள். பக்கத்தில் நின்று உழைப்பவர்கள் பேசுவார்கள், பழகுவார்கள், விரும்புவார்கள். இதைத் தடுக்க எந்த மதில் சுவராலும் முடியாது. தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழகுவதில் நியாயம் இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

செல்போனில் வந்த காதல்

அந்தக் காலத்தில் கடிதம், இன்று செல்போன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம். போனில் எடுத்த படத்தைக் கிழிக்க முடியாது. இங்கேதான் வாலிபத் தோழர்களோடு நான் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு பெண் “விருப்பமில்லை” என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விருப்பமில்லை. நாலு தடவை பின்னால் போனால் மனசு மாறும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா. கொட்டகையில் விசில் அடித்த அதே காரியம் தெருவில் நடந்தால் குற்றம். பெண் மறுத்த பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, போனில் தொந்தரவு செய்வது 2013-லிருந்து தனிக் குற்றம். முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை, மறுபடியும் செய்தால் ஐந்து வருஷம் வரை சிறை. அவளே சம்மதித்து எடுத்த அந்தரங்கப் படமாக இருந்தாலும், அவள் சம்மதமில்லாமல் அதை இன்னொருவனுக்கு அனுப்பினால் அதுவும் குற்றம். “பிரிந்து போனால் படத்தை வெளியிடுவேன்” என்று மிரட்டுகிறவன் காதலன் அல்ல, அவன் கந்துவட்டிக்காரன். பெண்களுக்குச் சொல்கிறேன்: மிரட்டினால் பயந்து அடங்காதீர்கள். 181 என்ற எண் பெண்களுக்காக இருக்கிறது. போன் வழியான மோசடிக்கும் மிரட்டலுக்கும் 1930. சங்க ஆபீஸ் கதவும் திறந்திருக்கிறது.

ஆண்களுடைய கஷ்டத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் பேசியவன் ஆக மாட்டேன். காதல் முறிந்தால் பெண் தன் தோழியிடம் சொல்லி அழுகிறாள். ஆண் என்ன செய்கிறான்? “ஆம்பிளை அழலாமா?” என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டோம். அவன் அழுவதில்லை, டாஸ்மாக்குக்குப் போகிறான். அல்லது அந்தத் துக்கத்தைக் கோபமாக்கி அவள் மேலேயே திருப்புகிறான். பக்கத்து மெஷினில் நிற்கிற தோழன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றால், கேலி செய்யாதீர்கள். கூட உட்கார்ந்து கேளுங்கள். அதுவும் தோழமைதான்.

ஆண் சாகவில்லையா?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: “காதலால் ஆணுக்கு நஷ்டமே இல்லை என்கிறீர்களே, வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் யார்?” நியாயமான கேள்வி. 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகில் பட்டப்பகலில் சங்கர் என்ற தலித் வாலிபர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து மணந்துகொண்டதுதான் அவர் செய்த குற்றம். அவருடைய மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். 2003-ல் விருத்தாசலம் பக்கத்தில் முருகேசன், கண்ணகி என்ற தம்பதியருக்கு விஷத்தைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். 2021-ல்தான் தீர்ப்பு வந்தது. அதைச் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தபோது 2025 ஆகிவிட்டது.

ஆகவே ஆண், பெண் என்ற ஒரு கோடு மட்டும் போதாது. சாதி என்ற கோடும் குறுக்கே ஓடுகிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஆண் காதலித்தால் அவன் உயிருக்கே உலை வைக்கிறார்கள். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனியுங்கள். “எங்கள் பெண்ணைக் கொண்டு போய்விட்டான்” என்கிறார்கள். எங்கள் ஆடு, எங்கள் மாடு, எங்கள் பெண்! அவள் தானாக நடந்து போனாள், அவளுக்கும் ஒரு மனசு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லை. பெண்ணைச் சொத்தாக நினைக்கிற அதே புத்திதான் அங்கே அவனை வெட்டியது. அதே புத்திதான் இங்கே இவளை விடுதியிலிருந்து வெளியே தள்ளியது. ஒன்று அரிவாள், ஒன்று ஆபீஸ் காகிதம். வேர் ஒன்று.

இந்தப் புத்தி சட்டத்திலேயே இருந்தது, தோழர்களே. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில், இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்தவன் மேல் புருஷன் வழக்குப் போடலாம். ஆனால் தன் புருஷன் வேறொருத்தியிடம் போனால் மனைவி வழக்குப் போட முடியாது. புருஷனுடைய “சொத்து” என்ற கணக்கு அது. 2018-ல்தான் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவை ரத்து செய்தது. அதே 2018-ல் இன்னொரு தீர்ப்பிலே, வயது வந்த இருவர் மணந்துகொள்ளச் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ, ஊரின் சம்மதமோ, சாதியின் சம்மதமோ தேவையில்லை என்றும், அப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்றும் கோர்ட் சொன்னது. தமிழ்நாட்டில் 1967-ல் நிறைவேறிய சட்டப்படி புரோகிதர் இல்லாமல், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். சாதியோ மதமோ எது வேறானாலும் 1954-ம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அந்த முப்பது நாள் நாம் துணை நிற்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு

சரி, காதல் கைகூடிவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. இனிச் சமத்துவம்தானா?

2019-ல் அரசாங்கம் ஒரு கணக்கெடுத்தது. மக்கள் ஒரு நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்ற கணக்கு. சமையல், துவையல், பெருக்கல் போன்ற கூலியில்லா வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவழிக்கிறாள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆண்? நூறு பேரில் 26 பேர்தான் வீட்டு வேலையைத் தொடவே தொடுகிறார்கள். தொடுகிற அவர்களும் 97 நிமிஷம்தான். எட்டு மணி நேர வேலைக்காக உயிரைக் கொடுத்த வர்க்கம் நாம். நம் வீட்டிலே ஒருத்திக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலே இன்னொரு ஐந்து மணி நேரம், ஓவர்டைம் இல்லாமல்!

இன்னொரு கணக்கும் கேளுங்கள். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலே நூறு தம்பதிகளில் ஏறத்தாழ 38 பேரிடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைச் செய்துகொண்டவள் மனைவி. புருஷன் செய்துகொண்டது? நூறுக்கு ஒன்றுகூட இல்லை, ஆயிரத்துக்கு மூன்று! ஆணுக்குச் செய்வது சில நிமிஷ வேலை. அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். பெண்ணுக்குச் செய்வது வயிற்றிலே. ஆனாலும், “எனக்குச் செய்தால் பலம் போய்விடும், மூட்டை தூக்க முடியாது” என்று நம் தோழர்கள் சொல்கிறார்கள். அது பொய் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். மூன்று பிள்ளை பெற்ற உடம்பையே மறுபடியும் கத்திக்கு அனுப்புகிறோம்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. என்னுடையதும் காதல் கல்யாணம்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மில்லுக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். சங்கத் தோழர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோம். முழுநேர ஊழியனாக வந்த பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அவளுடைய தையல் கம்பெனிச் சம்பளத்தில். மேடையில் என்னைத் “தியாகி” என்கிறீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் போய், “சோறு போடு” என்று அந்தத் தியாகி உட்காருவான். சித்தி வீட்டுத் திண்ணையில் இருக்கிற பெண்ணைப் பற்றி வீட்டிலே சொன்னபோது அவள் சொன்னாள்: “ஏனுங்க, அந்தப் புள்ளைய மில்லுக்காரன் வெளிய தள்ளினான். நீங்க என்னைச் சமையக்கட்டுக்கு உள்ள தள்ளினீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?”

எங்கெல்ஸ் குடும்பத்தைப் பற்றி 1884-ல் எழுதிய புத்தகத்தை வைத்து எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். என் மனைவி எடுத்த ஒரு நிமிஷ வகுப்பு எனக்கு அன்றுதான் கிடைத்தது. பத்து நாளாக வீட்டில் இருக்கிற நாள் காலைப் பாத்திரம் என் கணக்கு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இருபது வருஷம் தாமதம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஆணுக்கு ஒரு நாக்கு, பெண்ணுக்கு ஒரு நாக்கு என்று பேசுவதை இன்றோடு நிறுத்துவோம். டீக்கடையில் ஒரு பெண்ணின் பெயர் அடிபட்டால், “அந்தப் பையன் பெயர் என்ன?” என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, பத்துப் பேர் வேலை செய்கிற எந்த இடத்திலும் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் கமிட்டி அமைக்க வேண்டும் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. “நீ அவனோடு பேசினவள்தானே” என்று மேஸ்திரி உரிமை எடுத்துக்கொண்டு பேசுவதும் அதில் வரும். உங்கள் மில்லில் அந்தக் கமிட்டி இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்று நாளைக்கே கேளுங்கள்.

மூன்றாவது, காதலித்துத் தஞ்சம் தேடி வருகிறவர்களை எந்தச் சாதி என்று கேட்காமல் ஏற்போம். வயது மட்டும் கேட்போம். பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று. இருவருக்கும் சம்மதமா என்று தனித்தனியே கேட்போம். அவ்வளவுதான்.

நான்காவது, வீட்டுக்குப் போங்கள். அங்கேயும் ஒரு ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நம் பங்கை எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக, அந்தப் பெண்ணின் விஷயம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மில் கேட்டுக்குப் போகிறோம். அவளை மறுபடியும் வேலைக்கு எடு, விடுதியில் இடம் கொடு, தகப்பனாரிடம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கு என்பதுதான் கோரிக்கை. அந்த வாலிபனும் நேற்று என்னிடம் வந்தான். “என் பேரையும் மனுவில் போடுங்க தோழர், நானும் பேசினவன்தானே” என்றான். வேலை போகலாம் என்று தெரிந்தே சொன்னான். இந்தப் பேச்சில் காதல் என்று நான் சொன்னதெல்லாம் அதுதான்: நஷ்டம் வரும்போது பாதியை எடுத்துக்கொள்வது.

டீக்கடையில் பழமொழி சொன்ன நான்கு தோழர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அன்று வாய் திறக்காத ஐந்தாவது ஆள் நான். திங்கட்கிழமை நாம் ஐந்து பேரும் முன்வரிசையில் நிற்போம். உங்களையும் எதிர்பார்க்கிறேன். பெண்கள் வர வேண்டும். அவர்கள் வருவதற்காக, அன்று காலைச் சமையலை ஆண்கள் முடித்துவிட வேண்டும்.